கடல் ஆறாக ஓடும் நேரம்: ஸ்கூகும்சக் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை நான் ஸ்கூகும்சக் போனபோது தண்ணீர் சும்மா கிடந்தது. விடியற்காலையில் எழுந்து, பெர்ரிக் கப்பல் பிடித்து, மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓட்டி, காட்டுக்குள் நாலு கிலோமீட்டர் நடந்து பாறை முனைக்குப் போய் நின்றால், எதிரே பச்சைக் கண்ணாடி போல ஒரு நீர்ப்பரப்பு. நடுவில் ஒரு கடற்காகம் மிதந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன் என் முகத்தைப் பார்த்தான். "அண்ணா, இதுக்கா அஞ்சு மணிக்கு எழுப்புனீங்க?"

பதில் இல்லை. வானிலை பார்த்திருந்தேன், பெர்ரி நேரம் பார்த்திருந்தேன், வழியில் இருக்கும் பேக்கரியைப் பற்றிக்கூட விசாரித்து வைத்திருந்தேன். தண்ணீருக்கு ஒரு கால அட்டவணை உண்டு என்பதை மட்டும் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். அதே பாறை. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிந்தது.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் வீட்டு மேசையில் செய்யவேண்டிய வேலைதான். நடப்பது சுலபம்.

முதலில், அது என்ன இடம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவருக்கு வடமேற்கே சன்ஷைன் கோஸ்ட் என்று ஒரு கரையோரம் இருக்கிறது. அதன் வடகோடியில் எக்மண்ட் என்ற சின்ன ஊர். அந்த ஊரை ஒட்டி 1957-இல் அமைத்த மாகாணப் பூங்கா, ஸ்கூகும்சக் நேரோஸ். கூடாரம் போட்டுத் தங்குகிற பூங்கா இல்லை. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடுகிற இடம்.

இங்கே நடப்பதைப் புரிந்துகொள்ள வாய் குறுகிய பெரிய குடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சீஷெல்ட் இன்லெட் என்ற நீண்ட உள்கடல்தான் குடம். சால்மன் இன்லெட், நேரோஸ் இன்லெட் என்று அதற்கு இரண்டு கைகளும் உண்டு. இவ்வளவு பெரிய குடத்துக்கு வடக்கே எக்மண்ட் பக்கம் ஒரே ஒரு வாய். தெற்கு முனையில் சீஷெல்ட் நகரம் உட்கார்ந்திருக்கும் நிலக்கழுத்து சுமார் ஒரு கிலோமீட்டர் அகலம்தான். அந்தப் பக்கம் திறந்த கடல், இந்தப் பக்கம் உள்கடல். 'சீஷெல்ட்' என்ற பெயருக்கே 'இரு நீருக்கு இடைப்பட்ட நிலம்' என்று பொருள் சொல்வார்கள். கடல் அடுத்த தெருவில் இருந்தும் அந்த வழியாகத் தண்ணீர் வர முடியாது. மேலே போய்ச் சுற்றிக்கொண்டு அந்த ஒரே வாய் வழியாகத்தான் உள்ளே நுழையவேண்டும்.

கடல் மட்டம் ஏறி இறங்குவதை ஈழத்தில் வற்றுப்பெருக்கு என்பார்கள். பாடநூல் 'ஓத'த்தைவிட எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். உள்ளே வருவது பெருக்கு, வெளியே போவது வற்று, கேட்டவுடன் புரிந்துவிடுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

பெருக்கின்போது வெளிக்கடல் ஏறுகிறது. குடத்தின் வாய் குறுகல் என்பதால் உள்ளே அதே வேகத்தில் நிரம்ப முடிவதில்லை. வெளியே உயரமாகவும் உள்ளே பள்ளமாகவும் தண்ணீர் நிற்கிறது. சில நாட்களில் இந்த வித்தியாசம் 2 மீட்டரைத் தாண்டும். ஒரே கடல், ஒரு குறுகலின் இரு பக்கம், நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சரிவு. அந்தச் சரிவில் கடல் ஆறாக இறங்கி ஓடுகிறது. வேகம் 16 நாட், அதாவது மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகும். சில மணி நேரம் கழித்து வெளிக்கடல் இறங்கியதும், உள்ளே நிரம்பியது முழுவதும் அதே வாய் வழியாக எதிர்த்திசையில் பாய்ந்து வெளியேறும். ஆற்றுக்கு ஒரே திசை. இது ஒரே நாளில் போய், நின்று, திரும்பி வரும்.

பெயரும் சும்மா வைத்ததில்லை. பசிபிக் கரையோரத்தில் பழங்குடியினரும் வியாபாரிகளும் பேசிக்கொள்ள உருவான சினூக் கலப்பு மொழியில் 'ஸ்கூகும்' என்றால் வலிமை, 'சக்' என்றால் தண்ணீர். இந்த நிலமும் நீரும் ஷிஷால் மக்களுடைய பாரம்பரிய இடம்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. ஸ்கூகும்சக் என்ற பெயரில் இதே மாகாணத்தின் கிழக்குக் கோடியில், ராக்கி மலைப் பக்கம், வேறொரு ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஆறும் உண்டு. போன் வரைபடத்தில் அந்தப் பெயரை மட்டும் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினால் எங்கே போய் நிற்பீர்கள் என்று சொல்ல முடியாது. 'எக்மண்ட்' என்று போடுங்கள்.

அட்டவணையைப் படிப்பது

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறை நானும் இரண்டாம் தடவை கிட்டத்தட்டச் செய்திருப்பேன். இணையத்தில் 'ஹை டைட்', 'லோ டைட்' நேரம் எடுத்துக்கொண்டு, ஹை டைட் நேரத்துக்குப் போய் நின்றால் பெரிய ஆட்டம் நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அந்தப் பட்டியல் தண்ணீரின் உயரத்தைச் சொல்கிறது. நமக்கு வேண்டியது ஓட்டம். கடற்கரை ஊர்களில் மீனவர்கள் நீவாடு என்பார்களே, அது.

உயரமும் ஓட்டமும் இங்கே ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை. வெளிக்கடல் உச்சத்தைத் தொட்ட பிறகும் உள்ளே மட்டம் தாழ்வாகத்தான் இருக்கிறது. ஆகவே தண்ணீர் இன்னும் உள்ளே பாய்ந்துகொண்டுதான் இருக்கும். இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்போதுதான் நிற்கும், பிறகு திரும்பும். அந்த நேரத்தை உயரப் பட்டியலைப் பார்த்து ஊகிக்க முடியாது.

கனடா அரசின் நீர்ப்பரப்பு அளவைத் துறை இதற்கென்றே நீரோட்ட அட்டவணை வெளியிடுகிறது. அதில் 'ஸ்கூகும்சக்' என்று தேடினால் கிடைக்காது. கடல் வரைபடங்களில் இந்த இடத்தின் பெயர் 'சீஷெல்ட் ராப்பிட்ஸ்' (Sechelt Rapids). அந்தப் பெயரில் தேடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு விதமான நேரங்கள் இருக்கும். ஒன்று, தண்ணீர் நின்று திரும்பும் நேரம். மற்றது, ஓட்டம் உச்சத்தில் இருக்கும் நேரம். அதன் பக்கத்தில் நாட் கணக்கில் வேகம். வேகத்துக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் பெருக்கு, கழித்தல் குறி இருந்தால் வற்று.

ஓர் உதாரணம் பார்க்கலாம். இது நானாகப் போட்டுக்கொண்ட எண்கள். எந்த நாளுடைய உண்மைக் கணக்கும் இல்லை:

09:05 – திரும்பும்
12:20 – உச்சம், +12.1
15:30 – திரும்பும்
18:35 – உச்சம், −9.4

ஒன்பது மணிக்குத் தண்ணீர் நிற்கிறது. அங்கிருந்து பெருக்கு தொடங்கி 12:20-க்கு 12 நாட் வேகத்தில் உச்சம். பிறகு தணிந்து மூன்றரைக்கு மறுபடி நிற்கும். அதற்கப்புறம் வற்று.

இப்போது அட்டவணையின் மேற்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சில பட்டியல்கள் வருடம் முழுக்கப் பசிபிக் வழக்க நேரத்தையே தரும். கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அப்படிப்பட்ட பட்டியல் என்றால் 12:20 என்பது உங்கள் கைக்கடிகாரத்தில் 1:20. இதைக் கவனிக்காமல் போனவர்களை வழியில் பார்த்திருக்கிறேன். எதிரே நடந்து வருவார்கள், "ஒன்றும் பெரிதாக இல்லையே" என்பார்கள். அவர்கள் திரும்பி நடக்கும் நேரத்தில்தான் தண்ணீர் சூடு பிடித்திருக்கும்.

எந்த நாள் நல்ல நாள்? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பெரும்பாலும் ஓட்டம் அதிகம். ஆனால் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பவேண்டாம். இந்தக் கரையில் ஒரே நாளின் இரண்டு பெருக்குகள்கூடச் சமமாக இருப்பதில்லை. ஒன்று பெரிது, இன்னொன்று பாதி. அந்தப் பெரிது நடு இரவில் வந்தால் நமக்குப் பிரயோசனம் இல்லை. ஆகவே வேகத்தைப் பாருங்கள், அது பகலில் வருகிறதா என்று பாருங்கள், பிறகு தேதியை முடிவு செய்யுங்கள். லீவு கிடைத்த நாளுக்குத் தண்ணீரை இழுக்காதீர்கள், தண்ணீர் இருக்கும் நாளுக்கு லீவு போடுங்கள். என் அனுபவத்தில் 10 நாட்டுக்குக் கீழே என்றால் முதல் தடவை பார்க்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

நாள் முடிவானதும் உச்ச நேரத்தை மேலே எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம்.

கைக்கடிகாரப்படி உச்சம் 1:20. உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பாறையில் இருக்கவேண்டும், ஆகவே 12:20. ஏன் ஒரு மணி நேரம் முன்னால் என்று பிறகு சொல்கிறேன். நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், குழந்தைகள் இருந்தால் இன்னும் கால் மணி. 11 மணிக்கு வண்டியை நிறுத்தியிருக்கவேண்டும். லாங்டேல் பெர்ரித் துறையிலிருந்து எக்மண்ட் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வளைவுச் சாலையில் ஒன்றரை மணி நேரம். ஆகவே 9:30-க்கு லாங்டேலை விட்டுக் கிளம்பவேண்டும். பெர்ரிப் பயணம் 40 நிமிடம், வண்டி இறங்கப் பத்து நிமிடம். ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து 8:30-க்குள் புறப்படும் ஏதாவது ஒரு பெர்ரியில் நீங்கள் இருக்கவேண்டும். அப்படியென்றால் அந்தத் துறைக்கு ஏழரைக்கே போய்விடுங்கள். வான்கூவர் நகர மையத்திலிருந்து அங்கே போகச் சுமார் அரை மணி நேரம் ஆகும்.

ஒரு பெர்ரியைத் தவறவிட்டால் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும். அடுத்த பெர்ரி வரும், தண்ணீர் காத்திருக்காது. கோடையில் சனி ஞாயிறு என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். அந்தச் சில டாலர்களைப் பார்த்துத் தயங்கி, வரிசையில் எனக்கு முன்னால் இருந்த வண்டியோடு பெர்ரி நிரம்பிவிட்டதைக் கண்ணால் கண்டவன் நான்.

சாலை

சன்ஷைன் கோஸ்ட் வரைபடத்தில் வான்கூவர் இருக்கும் அதே பெருநிலத்தில்தான் இருக்கிறது, தீவு இல்லை. ஆனாலும் நடுவில் ஹௌ சவுண்ட் என்ற கடற்பிளவும் மலைகளும் குறுக்கே நிற்பதால் சாலை கிடையாது. அதனால்தான் பெர்ரி. இந்தப் பாதையில் கட்டணம் ஹார்ஸ்ஷூ பேயில் மட்டும் வாங்குவார்கள். திரும்பும்போது லாங்டேலில் கேட்கமாட்டார்கள். முதலில் தொகையைப் பார்த்து மலைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கியதும் ஹைவே 101. கிப்சன்ஸ், சீஷெல்ட், ஹாஃப்மூன் பே, பெண்டர் ஹார்பர் என்று ஊர்கள் வரும். பெட்ரோல், சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் சீஷெல்டிலேயே முடித்துவிடுங்கள்; அதற்கு மேல் கடைகள் குறைந்துகொண்டே போகும். சாலையும் அங்கிருந்துதான் வளைய ஆரம்பிக்கிறது. வண்டியில் தலைசுற்றல் வருகிறவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். ஹைவே முடியும் எர்ல்ஸ் கோவ் பெர்ரித் துறைக்குச் சற்று முன்னால் வலது பக்கம் எக்மண்ட் சாலை பிரியும். அந்தச் சாலையில் ஆறு கிலோமீட்டர் போல உள்ளே போனால் ஊருக்குக் கொஞ்சம் முன்பே பூங்காவின் பலகையும் வண்டி நிறுத்துமிடமும் வரும். பெரிய ஓட்டம் உள்ள நாட்களில் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

பொதுப் பேருந்தை நம்பி வரவேண்டாம். எக்மண்ட் வரை அது போகாது. பவல் ரிவர் பக்கமிருந்து வருகிறவர்கள் சால்டரி பேயில் பெர்ரி ஏறி எர்ல்ஸ் கோவில் இறங்கினால் பூங்கா பத்து நிமிடத் தூரம்.

எக்மண்டுக்கு முன்பே, சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில், நீரோட்ட அட்டவணையைப் படம் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் இணையம் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.

நடை

போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். செங்குத்தான ஏற்றம் எதுவும் இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். முதல் பகுதி சரளைக்கல் சாலை, பக்கத்தில் வீடுகள் உண்டு. அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள், நாயை அவிழ்த்து விடாதீர்கள். இந்தப் பகுதியில்தான் அந்தப் பேக்கரி. சீசனில் திறந்திருந்தால் இலவங்கப்பட்டை மணம் உங்களை இழுக்கும். போகும்போது நிற்காதீர்கள், திரும்பும்போது சாப்பிடுங்கள். கொஞ்சம் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

பிறகு காடு. டக்ளஸ் ஃபிர், செடார், ஹெம்லாக் மரங்கள். தரையெல்லாம் பாசியும் பன்னமும். மழை பெய்த மறுநாள் என்றால் வேர்கள் வழுக்கும், ஷூ அடிப்பக்கம் பிடிமானம் உள்ளதாக இருக்கவேண்டும். பாதி வழிக்குள் பிரவுன் லேக் என்ற சிறு ஏரி வலப்பக்கம் தெரியும். அது அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு இன்னும் அரை மணியில் ஓடுகிற கடலைப் பார்ப்பது தனி அனுபவம்.

கைக்குழந்தை வண்டியை இந்தப் பாதையில் தள்ள முடியாது. தூக்கிச் சுமக்கும் பைதான் சரி. கழிவறைகள் இருக்கின்றன, குழித்தொட்டி வகை. கை கழுவத் தண்ணீர் எதிர்பார்க்காதீர்கள். குடிதண்ணீர் நீங்களே கொண்டுபோகவேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோகலாம், ஆனால் கருங்கரடிகள் நடமாடும் காடு இது. ஒரு பருக்கைகூட விடாமல் கட்டித் திருப்பிக் கொண்டுவாருங்கள். கோடையிலும் ஒரு மெல்லிய மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஓடும் குளிர்ந்த நீரின் மேலிருந்து வரும் காற்று, பாறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் எலும்பில் ஏறும்.

கடைசியில் பாதை இரண்டாகப் பிரியும். இடது கிளை நார்த் பாயிண்ட், வலது கிளை ரோலண்ட் பாயிண்ட். இங்கே வந்து யோசிக்கக்கூடாது, வீட்டிலேயே முடிவு செய்திருக்கவேண்டும்.

எந்த முனை?

பெருக்கு என்றால் ரோலண்ட் பாயிண்ட். வற்று என்றால் நார்த் பாயிண்ட். அட்டவணையில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ரோலண்ட் பாயிண்டில் நீங்கள் தண்ணீருக்கு மிக அருகே, கிட்டத்தட்ட அதன் மட்டத்திலேயே நிற்கிறீர்கள். பெருக்கு உள்ளே பாயும்போது முனைக்கு எதிரே அடிப்பாறையில் மோதி ஓர் அலை எழும்பி நிற்கும். ஆமாம், நிற்கும். கடற்கரை அலை கரையை நோக்கி வந்து உடையும். இந்த அலை இருந்த இடத்திலேயே இருக்கிறது, தண்ணீர்தான் அதற்குள் புகுந்து ஓடுகிறது. இந்த அலைக்காகவே உலகின் பல பக்கமிருந்தும் கயாக்காரர்கள், அதாவது கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டுகிறவர்கள், வருகிறார்கள். கரையோரச் சுழலில் வரிசை கட்டிக் காத்திருந்து, ஒருவர் விழுந்ததும் அடுத்தவர் அலை முகத்தில் ஏறி, அங்கேயே குட்டிக்கரணம் அடிப்பார்கள். விழுந்தவர் சில விநாடிகளில் நூறு மீட்டர் கீழே போயிருப்பார். சுற்றிக்கொண்டு மறுபடி வரிசைக்கு வருவார்.

நார்த் பாயிண்ட் கொஞ்சம் உயரமான பாறை. அங்கிருந்து வற்று வெளியேறுவதைப் பார்த்தால் சுழிகள். ஒரு சுழி எப்படிப் பிறக்கிறது என்பதை உட்கார்ந்து பாருங்கள். முதலில் நீர்ப்பரப்பில் எண்ணெய் தடவினாற்போல ஒரு வழவழப்பான வட்டம் தெரியும். அதன் ஓரம் மெல்லத் திரும்பும். நடுவில் தொப்புள் போலக் குழியும். அந்தக் குழி ஆழமாகிக்கொண்டே கீழ்நோக்கி நகரும். மிதந்து வந்த ஒரு மரக்கட்டையை இழுத்து நிமிர்த்தி நிறுத்தி உள்ளே வாங்கிக்கொள்ளும். கட்டை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது வெகுதூரம் தள்ளித் துள்ளிக்கொண்டு மேலே வரும். எனக்குக் கயாக்கைவிட இதுதான் பிடிக்கும். கூட்டமும் இங்கே குறைவு.

இப்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு வருகிறேன். உச்சத்துக்கு மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனால் ஒரு நுரைக் கொந்தளிப்பைப் பார்த்ததாகத்தான் இருக்கும். முன்பே வந்து உட்கார்ந்தால் அது வளர்வது தெரியும். நீரில் தெரியும் கோடுகள் தடித்துக்கொண்டே போகும், ஓசை முணுமுணுப்பிலிருந்து இரைச்சலாக ஏறும், முன்பு வெளியே தெரிந்த ஒரு கல் காணாமல் போகும். நேரம் இருந்தால் இன்னும் சிறந்தது தண்ணீர் நிற்கும் நேரத்திலிருந்தே உட்கார்வது. முதல் தடவை நான் பார்த்து ஏமாந்த அதே பச்சைக் கண்ணாடியை இப்போது தேடிப் போய்ப் பார்க்கிறேன். பெரிய ஓட்டமுள்ள நாட்களில் அது சில நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை.

அந்த நிற்கும் நேரத்தில் ரோலண்ட் பாயிண்ட் பாறை இடுக்குகளில் குனிந்து பாருங்கள். நட்சத்திர மீன்கள், கடல் சாமந்திகள், கொட்டலசுகள், கடல் முள்ளெலிகள். ஓட்டம் இடைவிடாமல் இரை கொண்டுவந்து போடுவதால் இங்கே உயிர்கள் கொழுத்து வளர்கின்றன. கோடையில் கடல் மிகவும் வற்றும் நேரம் பெரும்பாலும் பகலில் வருவதால் அப்போது நிறையத் தெரியும். பார்க்கலாம், பிய்க்கக்கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு சிப்பியும் எடுக்கக்கூடாது.

பயப்படவேண்டிய இடத்தில் பயப்படுங்கள்

வேலி கிடையாது. பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் உங்கள் புத்திதான் இருக்கிறது. பாறையில் கருத்து ஈரமாக, பச்சையாகத் தெரியும் பகுதி வரை தண்ணீர் வரும் என்று அர்த்தம்; அங்கே கால் வைக்காதீர்கள், சோப்பு போல வழுக்கும். ஓட்டம் ஏற ஏறத் தண்ணீர் திடீரென்று உப்பி எழும்பும். காய்ந்த பாறையில் வைத்த பை ஒன்று போவதைப் பார்த்தேன். யாரும் அதன் பின்னால் போகவில்லை, நல்லவேளை. குழந்தைகளின் கை உங்கள் கையில் இருக்கட்டும். நாய்க்கும் கயிறு அவிழக்கூடாது.

கயாக்காரர்கள் சிரித்துக்கொண்டே விளையாடுவதைப் பார்த்து, இது எளிது என்று தோன்றும். தலைக்கவசம், மிதவைச் சட்டை, குளிர் தாங்கும் உடுப்பு, பல வருடப் பழக்கம், கூட வந்த துணை ஆட்கள், ஓட்டத்தின் மனப்பாடமான கணக்கு, இத்தனையும் சேர்ந்த சிரிப்பு அது. வாடகைக் கயாக்கை எடுத்துக்கொண்டு "கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பாதீர்கள். பெரிய படகுகளே தண்ணீர் நிற்கும் நேரம் பார்த்துத்தான் இந்த வாயைக் கடக்கின்றன. நீரின் மேலிருந்து பார்க்க ஆசையென்றால் எக்மண்டில் அனுபவமுள்ள படகோட்டிகள் கூட்டிப்போகிறார்கள். நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிவருகிறவர்களுக்கும் அதுதான் வழி.

திரும்புவது

உச்சம் முடிந்து அரை மணி நேரத்தில் கூட்டம் மொத்தமாகக் கிளம்பும். நீங்கள் இன்னும் கொஞ்சம் உட்காருங்கள். பாதையும் காலியாகும், பேக்கரி வரிசையும் குறையும். ஆனால் லாங்டேலிலிருந்து கடைசி பெர்ரி எத்தனை மணிக்கு என்பதை அட்டவணைப் படத்துக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்திருங்கள். ஞாயிறு மாலை என்றால் கடைசிக்கு முந்தைய பெர்ரியைக் குறிவைப்பது நல்லது, ஏனென்றால் வார இறுதிக்கு வந்த எல்லோரும் அன்று மாலைதான் திரும்புவார்கள்.

ஒரே நாளில் பெருக்கு, வற்று இரண்டையும் பார்க்கவேண்டும் என்றால் எக்மண்ட், பெண்டர் ஹார்பர் பக்கம் ஓர் இரவு தங்குங்கள். நீண்ட கோடைப் பகலில் மதியம் ரோலண்ட் பாயிண்ட், நடுவில் கட்டுச்சோறு, மாலை நார்த் பாயிண்ட். கைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும். வெட்டவெளியில் வெளிச்சம் இருக்கும்போதே காட்டுக்குள் இருட்டிவிடும். மறுநாள் மீதமிருந்தால் எக்மண்டிலிருந்தே பிரின்சஸ் லூயிசா இன்லெட்டுக்குப் படகு போகும். அது வேறு கதை.

சித்தப்பா மகன் அடுத்த தடவை வந்தபோது அவனே அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். "அண்ணா, இந்த ஒரு மணி நேரத்தைக் கூட்டினீங்களா?" என்றான். கூட்டியிருந்தேன்.